ஹாலோவீன் உடைத் தொகுப்பு: பூசணி வாளியின் அடிமூடியை முதலில் பாருங்கள்

பெங்களூரு பெல்லந்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், அக்டோபர் 31 மாலையில் குழந்தைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அதற்காக ஆறு வயது மகளுக்குக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடையொன்றில் 850 ரூபாய்க்குச் சூனியக்காரி உடை வாங்கினேன். மேலங்கி, கூம்புத் தொப்பி, முகமூடி, விளக்கெரியும் பூசணி வாளி ஆகியவை அதில் உள்ளன. தையலில் குறையில்லை, தொப்பியும் காதை அழுத்தவில்லை.

வாளியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் அடிமூடியில் திருகாணி இல்லை. நகத்தால் நெம்பினாலே திறந்துகொண்டு மூன்று பட்டன் பேட்டரிகள் உதிர்கின்றன. வீட்டில் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் ஒன்றரை வயது மகனும் இருக்கிறான். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தசையை அரித்துக் கடும் புண்ணாக்கிவிடக்கூடும். ஒளி மங்கிய பழைய பேட்டரியும் இத்தீங்கைச் செய்யும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தியெடுக்கச் செய்யாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது, இந்தப் பெட்டியில் எவ்வளவு தேடியும் அது இல்லை. பேட்டரிகளை அகற்றிவிட்டு, விளக்கில்லாத வாளியைத்தான் மகளிடம் கொடுத்தேன்.

மேலங்கி பாலியஸ்டர் துணி. தீப்பற்றினால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். 2024இல் தீபாவளியும் அதே அக்டோபர் 31 அன்று வந்தது. வாசல்தோறும் அகல் விளக்குகள் எரிய, தரையைப் பெருக்கும் அங்கிகளோடு குழந்தைகள் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. ஆகவே கணுக்காலுக்கு மேல் நிற்குமாறு நான்கு விரற்கடை மடித்துத் தைத்தேன்.

முகமூடியின் கண்துளைகள் குறுகலானவை, பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. இங்கு அந்நாளில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் அதைத் தவிர்த்து, முந்தைய நாளே முன்கையில் தடவிச் சோதித்த முகச்சாயத்தைப் பூசிவிட்டேன்.

அங்கியையும் தொப்பியையும் தயங்காமல் வாங்கலாம். கைக்குழந்தையுள்ள வீட்டுக்கு இந்த வாளி வேண்டவே வேண்டாம். திருகாணி வைத்த மூடியுள்ள வாளி உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அடுத்த சரக்கெடுக்கும்போது பார்த்து வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.