கணுக்கால் கட்டியில் கத்தி வைக்கச் சம்மதிக்கும் முன்

என் அம்மா அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில்) நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தவர். இடது உள்ளங்கால் ராத்திரியில் தீயாய் எரிகிறது என்று சொன்னபோது வேலையால் வந்த வலி என்றுதான் நினைத்தோம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் குதிகால் முள் என்றார்கள். குதிகாலில் மூன்று ஊசி போட்டும் எரிச்சல் அப்படியே இருந்தது.

உள்கணுக்காலுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஓர் உருண்டை இருந்ததை அம்மாதான் காட்டினார். ஊரில் வர்ம ஆசான் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நரம்போட நிக்குது, நான் தடவ மாட்டேன்" என்று திருப்பி அனுப்பினார். அதே மருத்துவமனையில் நீர்க்கட்டி என்று சொல்லி ஊசி குத்தி உறிஞ்சினார்கள். நீர் வரவில்லை. பெருவிரல் வரை கரண்ட் அடித்ததுபோல அம்மா அலறினார். அந்த அலறல்தான் நோயின் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல் "சின்ன ஆபரேஷன்" என்று வெட்டினார்கள். 18,000 ரூபாய் ஆனது. வெட்டிய கட்டியைக் கேட்டதற்கு, எறிந்தாச்சு என்றார்கள்.

மரத்துப்போன உள்ளங்காலோடு அம்மா வீட்டுக்கு வந்தார். ஒரு வாரத்தில் முள் ஏறிப் புண்ணானது, அவருக்கு வலிக்கவே இல்லை.

அப்புறம் திருவனந்தபுரத்தில் எம்ஆர்ஐ எடுத்தோம். கட்டியில் மீதி இருந்தது, நரம்பு வெட்டுப்பட்டிருந்தது. மீதியை எடுத்து பயாப்சிக்கு அனுப்பியதில் ஷ்வானோமா என்று வந்தது. நரம்பின் உறையில் வளரும் சாதுவான கட்டி அது. புற்றாக மாறுவது மிக மிக அரிது. பெரும்பாலும் நரம்பின் ஒரு பக்கமாக, தனி உறைக்குள் இருக்கும். நுண்ணோக்கி வைத்து நிதானமாகச் செய்தால் நரம்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் உரித்து எடுக்க முடியுமாம். அதைக் கேட்டபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதே இனத்தில் நியூரோஃபைப்ரோமா என்று இன்னொன்று உண்டு. அதில் நரம்பிழைகள் கட்டிக்குள்ளேயே பின்னிக் கிடக்கும், எடுப்பது கடினம். வெட்டும் முன்பே எது என்று பார்க்கச் சொல்வது அதனால்தான்.

காலில் கட்டி இருந்து, அதைத் தட்டினால் விரலுக்கு ஷாக் ஓடினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீர்க்கட்டி என்றால் டார்ச் வெளிச்சம் பெரும்பாலும் உள்ளே ஊடுருவித் தெரியும், கெட்டியான கட்டியில் தெரியாது. அல்ட்ராசவுண்டாவது எடுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எடுத்த கட்டி பயாப்சிக்குப் போகிறதா என்று கேளுங்கள். உடம்பில் காப்பிநிறத் திட்டுகள் நிறைய இருந்தால் அதையும் காட்டுங்கள், நியூரோஃபைப்ரோமா இருப்பவர்கள் சிலருக்கு அப்படி இருக்கும்.

சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. எனக்கு டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும்தான் தந்தார்கள், அதிலும் 'நீர்க்கட்டி' என்றே எழுதியிருக்கிறது. அதோடும் பயாப்சி ரிப்போர்ட்டோடும் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் அவகாசம்.