மேகம் ஏறுவதற்குள்: மைதோவா, எரிமலையா, சிலாவோஸா, சேன்-தெனித் தெருவா?

புதுச்சேரியிலிருந்து உறவுக்காரர் யாராவது ஆண்டுக்கு ஒரு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வந்து இறங்கிய மறுநாளே கேள்வி வரும்: "மச்சான், போட்டோ எடுக்க நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்க." ஒன்று என்று கேட்பார்கள், கையில் ஏற்கெனவே எட்டு இடங்களின் பட்டியல் இருக்கும். நாங்கள் இருக்கும் ரீயூனியன், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ஒரு தீவு. அதன் மொத்தப் பரப்பே 2,512 சதுர கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பினால் இரண்டு மூன்று இடங்களை முடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. வரைபடத்தில் ஏற்றம் தெரியாதே. தீவின் நடுவில் 3,070 மீட்டர் உயரத்தில் பித்தோன் தெ நேஜ் சிகரம் நிற்கிறது. அதைச் சுற்றி மஃபாத், சிலாவோஸ், சலாசி என்று மூன்று பெரிய கிண்ணப் பள்ளங்கள். தென்கிழக்கில் இன்னும் நெருப்பு கக்கிக்கொண்டிருக்கும் எரிமலை. இந்தச் சிகரங்களையும் பள்ளங்களையும் செங்குத்துச் சுவர்களையும் 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அன்றிலிருந்து வருகிறவர்களின் பட்டியலும் நீண்டுகொண்டேதான் போகிறது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, கையில் கேமராவோ போனோ இருக்கிறது, எங்கே போவது? பன்னிரண்டு வருடமாக இதே தீவில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் மேகத்தைப் பற்றி. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகும், கடற்கரையின் ஈரக்காற்று சரிவோடு மேலே போகும், ஒன்பது பத்து மணிக்குள் கிண்ணங்கள் பஞ்சடைத்த மாதிரி நிரம்பிவிடும். மே முதல் நவம்பர் வரை, காய்ந்த பருவத்திலும் இதே கதைதான். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், அப்போது மேகம் ஒன்பது மணி வரைகூடக் காத்திருக்காது. ஆகவே எந்த இடம் அழகு என்று கேட்பதைவிட, அந்த இடத்துக்கு நீங்கள் எத்தனை மணிக்குப் போய்ச் சேர முடியும் என்று கேட்பதே உருப்படியான கேள்வி.

மைதோ

மஃபாத் கிண்ணத்தின் மேற்கு விளிம்பில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மைதோ. கார் நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிட நடை, அவ்வளவுதான். வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே ஆயிரம் மீட்டர் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் ஊர்கள் இருக்கின்றன, மனிதர்கள் இருக்கிறார்கள், சாலை மட்டும் இல்லை. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர் எல்லாம் வானத்திலிருந்துதான் இறங்கும்.

தீவின் தலைநகரான சேன்-தெனியிலிருந்து (செயின்ட் டெனிஸ் என்று படித்துப் பழகியவர்கள் மன்னிக்கவும், இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை) ஒன்றேகால் மணி நேரம் ஆகும். போகிற வழியும் சும்மா இல்லை. 2022-ல் திறந்த 5.4 கிலோமீட்டர் கடல்மேல் பாலம் கிராந்த் ஷலூப் பக்கத்தில் முடியும். அங்கேதான் பழைய லாசரே இருக்கிறது. 1860-களில் காரைக்கால், புதுச்சேரி, சென்னைப் பக்கமிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைக் கப்பலிலிருந்து இறக்கி, நோய் இல்லை என்று உறுதியாகும்வரை அடைத்து வைத்த கட்டடம். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அங்கே ஒரு பத்து நிமிடம் நிற்பது நல்லது. ஆனால் திரும்பி வரும்போது. போகும்போது நின்றால் மேகம் உங்களை முந்திவிடும்.

அப்புறம் சேன்-போலுக்கு மேலே ஏற்றம். ஜெரானியம் எண்ணெய் காய்ச்சும் பெத்தித் ஃபிரான்ஸ் ஊரைத் தாண்டினால் தமரின் காடு. பெயரைக் கேட்டுவிட்டு என் மாமனார் புளியங்காய் தேடினார். அது ஒரு வகை அக்கேசியா மரம், புளிக்கும் அதற்கும் பெயர் உறவு மட்டும்தான்.

இனி படம். மைதோவில் எல்லோரும் செய்யும் தப்பு, சூரிய உதயம் பார்க்கப் போய் உதயத்தையே படம் எடுப்பது. நீங்கள் மேற்கு விளிம்பில் நின்று கிழக்கே பார்க்கிறீர்கள். எதிரே குரோ மோர்ன், பித்தோன் தெ நேஜ். சூரியன் அவற்றுக்குப் பின்னாலிருந்து வருகிறது. முதலில் கிடைப்பது கறுத்த மலைக்கோடு மட்டும், பள்ளம் முழுக்க இருட்டு. ஜூலையில் ஆறே முக்கால் மணிக்கு மேல்தான் விடியும். வெயில் சிகரம் தாண்டிப் பள்ளத்துக்குள் சாய்ந்து விழ இன்னும் நேரம் எடுக்கும். அப்படி விழுகிற நேரத்துக்கும் மேகம் ஏறுகிற நேரத்துக்கும் நடுவில் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி கிடைக்கும். படமெல்லாம் அந்த இடைவெளியில்தான். உதயத்தை எடுத்துவிட்டுக் குளிர் தாங்காமல் காரில் ஏறிப் போனவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

அகலக்கோண லென்ஸும் இங்கே ஏமாற்றும். கண்ணுக்குப் பிரம்மாண்டமாகத் தெரிந்தது படத்தில் பச்சைச் சாக்கடை மாதிரி சுருங்கிப்போகும். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸைத்தான் நான் மாட்டுவேன். நேர் கீழே ரோஷ் பிளாத் ஊர். நான்கைந்து தகரக் கூரைகள் வெயிலில் மின்னும், ஒரு வீட்டிலிருந்து விறகுப் புகை நூல் மாதிரி நேராக மேலே வரும், பின்னால் ஆயிரம் மீட்டர் கற்சுவர். பள்ளம் எவ்வளவு பெரிது என்று அந்தக் கூரையைப் பார்த்தால்தான் பிடிபடும். போன்தான் இருக்கிறது என்றால் மூன்று மடங்கு ஜூம் போதும், ஆனால் பள்ளத்தை மட்டும் எடுக்காமல் முன்னால் வேலியில் சாய்ந்து நிற்கும் ஒரு ஆளையும் சேர்த்து எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். தீவே பானையும் சட்டியுமாக மேலே ஏறி, விறகடுப்பு மூட்டி, கறி சமைத்துச் சாப்பிடும் நாள் அது. அந்தக் கூட்டம் தனி அழகு, அதைப் படம் பிடிக்கத் தாராளமாகப் போகலாம். காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

எரிமலை

எல்லோரும் கேட்பது பித்தோன் தெ லா ஃபுர்னேஸ். 2,632 மீட்டர். உலகத்தில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. 1977-ல் இதன் குழம்பு கிழக்குக் கரையின் சேன்த்-ரோஸ் பக்கம் இறங்கி, தேவாலய வாசல்வரை வந்து நின்றது. 2007-ல் உச்சிப் பள்ளத்தின் தரையே முந்நூறு மீட்டருக்கு மேல் இறங்கியது. இதெல்லாம் சொல்லக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் சிவப்புக் குழம்பை எதிர்பார்க்கிறார்கள். வெடிக்கும் நாளில்தான் அது. அப்போது கீழே இறங்கும் பாதையின் கதவைப் பூட்டிவிடுவார்கள், தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். மற்ற நாட்களில் கிடைப்பது சாம்பல் நிறக் கூம்பும் காய்ந்த குழம்புத் தரையும்.

என்னைக் கேட்டால், எரிமலையைவிட அதற்குப் போகும் வழிக்குத்தான் மதிப்பெண். பிளேன் தெ சாப்ல் என்ற சமவெளிக்கு மேலிருந்து சாலை வளைந்து இறங்கும் இடம் ஒன்று இருக்கிறது. கீழே முழுக்கச் செம்பழுப்பு மணல், ஒரு புல் பூண்டு இல்லை, நடுவே ஒரு மண்பாதை, அதில் தூசி கிளப்பிக்கொண்டு எறும்பு மாதிரி ஒரு கார். இந்த ஒரு படத்துக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாம். அந்த மண்பாதையில் உங்கள் பல் ஆடும், அதையும் சொல்லிவிடுகிறேன். பாதை முடியும் 2,311 மீட்டர் விளிம்புக்குப் பா தெ பெல்கோம்ப் என்று பெயர். ஜூலை விடிகாலையில் அங்கே உறைபனி படிவதும் உண்டு. சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் போதும் என்று வந்த என் மச்சான் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனம் வேறு. மேலே குளிரில் ஊறிய லென்ஸைக் கீழே இறங்கியதும் கடற்கரைப் புழுக்கத்தில் பையிலிருந்து எடுத்தேன். கண்ணாடி முழுக்க வேர்த்துவிட்டது. துடைத்தால் மறுபடி வேர்க்கும். அரை மணி நேரம் ஒரு படம் எடுக்க முடியவில்லை. கீழே வந்ததும் பையைத் திறக்காமல், உள்ளே இருப்பது மெல்ல வெதுவெதுப்பாகும்வரை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

சிலாவோஸும் சலாசியும்

சிலாவோஸ் போகும் மலைச்சாலையில் 400-க்கும் மேல் வளைவுகள், ஒரு வண்டி மட்டும் நுழையும் சுரங்க வழிகள். ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நீங்கள் போய்ச் சேரும் நேரமும் மேகம் வந்து சேரும் நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும், கூடவே பின் இருக்கையில் இருப்பவருக்கு வாந்தி வேறு. இரவு தங்கினால் கதை வேறு. சுமார் 1,200 மீட்டரில் சுற்றிலும் மலைச்சுவர் நிற்கும் ஊர். விடியும்போது மேகம் இருக்காது, எழுந்து வாசலுக்கு வந்தாலே படம். ஊரின் பருப்புக்கும் பெயர் உண்டு, ஒரு பை வாங்கிக்கொள்ளலாம். தங்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: மாக் ஊருக்கு மேலே 'சன்னல்' என்றே பெயர் வைத்த ஒரு விளிம்பு இருக்கிறது. அங்கிருந்து கிண்ணம் முழுக்கத் தெரியும். எட்டு மணிக்குள் போக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

சலாசி மழை பிடித்த பக்கம். அருவி வேண்டும், எல்-பூர் ஊரின் பழைய மரவீடுகள் வேண்டும் என்றால் போகலாம், மேகமூட்டத்திலும் அவை நன்றாகவே விழும். வழியெல்லாம் பந்தலில் தொங்குவது நம் சௌசௌ. இங்கேயும் அதற்கு ஷூஷூ என்றுதான் பெயர்.

சேன்-தெனித் தெரு

இப்போது யாரும் கேட்காத இடம். வருகிறவர்களுக்கு சேன்-தெனி என்றால் விமான நிலையமும் போக்குவரத்து நெரிசலும்தான். ஆனால் என் கணினியில் நல்ல படம் என்று நான் தனியாக எடுத்து வைத்திருக்கும் உறையில் பாதிக்கு மேல் இந்த ஊர்த் தெருக்கள்தான்.

இரண்டு நடை உண்டு. ஒன்று, பராஷுவா கடற்கரையில் பழைய பீரங்கிகளும் இந்த ஊரில் பிறந்த விமானி ரோலான் கரோஸின் சிலையும் இருக்கும் இடத்தில் தொடங்கி, ரூ தெ பாரி வழியாக நேரே மேலேறித் தாவரத் தோட்டம்வரை. வழியில் மஞ்சள் நிறப் பழைய நகர மன்றம், கிரியோல் மாளிகைகள், கூரை விளிம்பில் பல் பல்லாக வெட்டித் தொங்கவிட்ட தகட்டு வேலைப்பாடு. தெரு வடக்கு தெற்காக ஓடுவதால் காலையில் மேற்கு வரிசை வீடுகள்மேல் வெயில், பிற்பகலில் கிழக்கு வரிசைமேல். கட்டடப் படம் எடுக்கிறவர்கள் இதை வைத்து நேரம் குறித்துக்கொள்ளலாம். அழகான நடை. ஆனால் வாயிற்கதவுகள் பெரும்பாலும் சாத்தியே இருக்கும், ஆள் நடமாட்டம் குறைவு. நான்கு படத்துக்குப் பிறகு ஐந்தாவது படமும் முதல் படம் மாதிரியே இருக்கும்.

இன்னொன்று, ரூ மரேஷால் லெக்லேர். கிழக்கு மேற்காக ஓடும் கடைத்தெரு. ஒரு கோடியில் பெரிய சந்தை, நடுவில் 1905-ல் திறந்த நூர்-ஏ-இஸ்லாம் பள்ளிவாசல், அதைத் தாண்டிச் சின்னச் சந்தை, கிழக்குக் கோடிப் பக்கம் நம் காளிகாம்பாள் கோயில். காலை எட்டு மணிக்குக் கோயில் பக்கமிருந்து வெயில் தெருவோடு நேராக ஓடி வரும். எதிரே வருகிறவர்கள் எல்லோருக்கும் தலைமுடி ஓரத்தில் ஒரு வெள்ளிக் கோடு. மேகம் மலையைப் பிடித்த பிறகும் இங்கே வெயில் இருக்கும். அப்படியே மூட்டமாகிவிட்டாலும் சந்தைக்குள் காய்கறி நிறத்துக்கு மென்மையான வெளிச்சம்தான் நல்லது. ஆக, நாள் எப்படி இருந்தாலும் படம் உண்டு.

போன வருடம் மாமியாரைச் சின்னச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். முட்டி வலி, மலைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். கீரைக் கட்டுகள் அடுக்கியிருந்த ஒரு அம்மாவிடம் போய் ஒரு கொத்தை எடுத்து மோந்து பார்த்து, "கறிவேப்பிலை" என்றார். அந்த அம்மா இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் "கலுபிலே" என்றார். மாமியார் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துக் கட்டைக் காட்டி "முருங்கை" என்றார். "பிரேத் முரூங்" என்றார் அந்த அம்மா. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் அந்தக் கறிவேப்பிலைக் கொத்து. 35 லென்ஸ், இரண்டடித் தூரம். அந்தப் படத்துக்கு ஈடாக மைதோவில் என்னிடம் ஒன்றும் இல்லை. அதே இடத்தில் காகிதப் பொட்டலத்தில் போம்போன் பிமான் வாங்கிச் சாப்பிட்டோம். பெயரைப் பார்த்து மிட்டாய் என்று நினைக்க வேண்டாம், மிளகாய் போட்ட பருப்பு வடைதான்.

தெருவில் எடுப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படி, முகம் தெளிவாகத் தெரிகிற படத்தை வெளியிட அந்த ஆளின் சம்மதம் வேண்டும். நான் முதலில் எடுத்து, உடனே திரையைக் காட்டிக் கேட்டுவிடுவேன். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவேன். கோயிலில் கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்குவதே இல்லை. கோபுரம், வாசல் கோலம், செருப்பு வரிசை போதும். மலையில் மனிதர்கள் தொல்லை இல்லை, ஆனால் தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் ட்ரோன் பறக்கவிட அனுமதி வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஏதோ ஒரு கட்டுப்பாடு.

சரி, ஒரே நாள் என்றால்? கூட வருகிறவர்களால் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்திருக்க முடியுமானால் மைதோ, திரும்பும் வழியில் லாசரே, மாலை ஐந்து மணிக்கு பராஷுவாவில் கடற்காற்று. எழுந்திருக்க முடியாதென்றால் மலைப் பேச்சே வேண்டாம், லெக்லேர் தெருவில் காலையைக் கழியுங்கள். இரண்டாவது நாள் இருந்தால் சிலாவோஸில் தங்கல். எரிமலை மூன்றாவது நாளுக்கு. வெடித்துக்கொண்டிருந்தால் மட்டும் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம்.

வருகிற ஆகஸ்டில் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். இதையெல்லாம் போனில் விலாவாரியாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணா, எரிமலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள். நாலு ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.