தினமும் ஒன்றா, வாரம் இரண்டா, ஞாயிறு மொத்தமாகவா? லிங்க்ட்இன்னில் விடாமல் எழுத நான்கு வழிகள்

தை பிறந்ததும், வேலை சம்பந்தமான சமூக வலைதளமான லிங்க்ட்இன்னில் எழுதத் தொடங்கும் நண்பர்கள் பலர் மாசி முடிவதற்குள் நின்றுவிடுகிறார்கள். வருஷா வருஷம் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. நான் கோவையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். பம்ப் கேஸிங், மோட்டார் பாடி என்று வார்க்கிறோம். எங்கள் தொழிலில் பாதி அறிவு புத்தகத்தில் கிடையாது. முப்பது வருஷம் உலைக்கு முன்னால் நின்றவர் ஓய்வு பெற்றுப் போகும் நாளில் அதுவும் அவரோடு கேட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டும், எழுதத் தொடங்கியவர்கள் நிறுத்தக்கூடாது என்று நினைக்கிறேன்.

தொடர்ந்து எழுதச் சொல்லப்படும் வழிகளில் நான்கை நானே செய்து பார்த்துவிட்டேன். ஒப்பிட நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: மோசமான வாரத்தில் எது தாங்குகிறது? உலையின் உட்பூச்சு (லைனிங்) பழுதான வாரம், கஸ்டமர் ஆடிட் வந்த வாரம், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம். நல்ல வாரத்தில் எந்த வழியும் ஓடும்.

தினமும் ஒன்று

நாற்பது நாள் இப்படி எழுதினேன். இதன் பெரிய நன்மை பயம் போவது. ‘போஸ்ட்’ பொத்தானை அழுத்தும்போது முதல் வாரம் இருந்த நடுக்கம் மூன்றாவது வாரம் இல்லை. என் ஆங்கிலத்தை யாராவது குறை சொல்வார்களோ என்ற தயக்கமும் கரைந்தது. இதை வேறெந்த வழியும் இவ்வளவு சீக்கிரம் கொடுக்காது.

ஆனால் சரக்கு தீர்ந்துவிடுகிறது. சொல்ல விஷயம் இருக்கும் நாளும் இல்லாத நாளும் ஒன்றாக நடத்தப்படுவதால், இல்லாத நாளில் குழு உழைப்பு, விடாமுயற்சி என்று யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரிகள் வந்து விழுகின்றன. படிப்பவர்களும் தாண்டிப் போகிறார்கள். ஒரு பதிவில் வாசகர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் வரிசைப்படுத்தும்போது கணக்கில் எடுப்பதாக லிங்க்ட்இன் பொறியாளர்களே 2020ல் எழுதியிருக்கிறார்கள். ஆள் நிற்காத பதிவை தினமும் போட்டு என்ன பயன்?

இன்னொரு சிக்கல் ‘21 நாள்’ கணக்கு. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், மாறிய முகத்துக்குத் தன் நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960ல் எழுதியதிலிருந்து கிளம்பிய கணக்கு அது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 2009ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே வருமளவுக்குப் பழக சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டிய நாள்கள், பார்த்த போக்கை நீட்டிக் கணக்கிட்டவை). நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

தினசரி முறையின் விதியோ ஒரு நாளைக்கூட விடாதே என்கிறது. நாற்பத்தோராம் நாள் இரண்டாவது ஷிப்டில் ஒரு ஹீட், அதாவது உலையில் ஒரு தடவை உருக்கி வார்த்தது, முழுக்க ரிஜெக்ட் ஆனது. வீட்டுக்கு வர இரவு ஒன்றரை மணி. அன்று எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை, சங்கிலி அறுந்துவிட்டதே என்ற எண்ணம்தான் காரணம். அப்படியே இரண்டு மாதம் போய்விட்டது.

வேலை தேடுகிறவர்கள், படிப்பை முடித்த பிள்ளைகள் முப்பது நாள் என்று முடிவுத் தேதி வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஞாயிறு உட்கார்ந்து மொத்தமாக

லிங்க்ட்இன்னிலேயே போஸ்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் கடிகாரக் குறி இருக்கிறது. அதைத் தொட்டு நாளும் நேரமும் குறித்தால் மூன்று மாதம் வரை முன்கூட்டியே வைத்துவிடலாம். இதற்கென்று தனிச் செயலிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு உண்மையான வசதி உண்டு. எங்கள் பதிவில் படம் போட வேண்டுமானால் மேனேஜர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வார்ப்பின் மேலேயே பார்ட் நம்பர், எந்த ஹீட் என்ற குறியீடு, சில சமயம் கஸ்டமரின் முத்திரையும் புடைத்து நிற்கும். அவசரத்தில் எடுத்த படத்தில் அது தெரிந்துவிட்டால் வேலைக்கே ஆபத்து. நான்கு பதிவுகளை ஒன்றாக எழுதி திங்கட்கிழமை ஒரே தடவையில் காட்டி ஒப்புதல் வாங்குவது அவருக்கும் சுலபம், எனக்கும் சுலபம்.

இருந்தும் நான் விட்டதற்குக் காரணம் உண்டு. உலையில் மின்செலவைக் குறைப்பது பற்றி உற்சாகமாக ஒரு பதிவு எழுதி புதன் காலை எட்டு மணிக்கு வைத்திருந்தேன். அன்று விடியற்காலை எங்கள் பகுதியில் வேறொரு ஆலையில் விபத்து, இரண்டு பேருக்குத் தீக்காயம். ஷிப்டில் போன் லாக்கரில் இருந்தது. மதியம் எடுத்துப் பார்த்தபோது, அந்த ஆலையில் வேலை செய்யும் ஒருவர் என் பதிவின் கீழ், ‘இன்றைக்காண்ணா இது?’ என்று கேட்டிருந்தார். உடனே எடுத்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்கூட்டியே எழுதி வைப்பவர்கள் தினமும் காலையில் வரிசையை ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு உரியது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று ஞாயிறு மடிக்கணினியோடு உட்கார்ந்தால் நான்காவது ஞாயிறு வீட்டில் பேச்சு வரும். அது நியாயமான பேச்சு. தனியாகத் தொழில் செய்யும் ஆலோசகர்கள், மாதத்தில் பாதி நாள் பயணத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

பதிவு வேண்டாம், கமென்ட் போதும்

இதை யாரும் ஒரு வழியாகவே மதிப்பதில்லை. எனக்கு இதன்மேல் தனி மரியாதை. வெற்றுப் பக்கத்தைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை, கேள்வி ஏற்கனவே அங்கே இருக்கிறது. ராஜ்கோட்டிலிருந்தோ கோலாப்பூரிலிருந்தோ பெல்காமிலிருந்தோ ஒருவர் ஒரு குறைபாட்டின் படத்தைப் போட்டு, இது ஏன் வருகிறது என்று கேட்பார். நமக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். ஒரு கமென்ட்டுக்கு 1250 குறிகள் வரை இடம் உண்டு, ஒரு நல்ல பதில் சொல்ல அது தாராளம். மோசமான வாரத்திலும் டீ நேரத்தில் ஒரு கமென்ட் எழுத முடியும்.

குறை இதுதான்: எழுதியது அடுத்தவர் பதிவுக்குக் கீழே புதைந்துபோகும். ஆறு மாதம் கழித்து நாமே தேடினாலும் கிடைப்பது கஷ்டம். நம் பக்கத்துக்கு வரும் ஒருவருக்கு நம் வேலை என்னவென்று ஒரு பார்வையில் தெரியாது. தயக்கம் உள்ளவர்கள் முதல் மாதம் கமென்ட் மட்டும் எழுதுங்கள். அதில் நீளமாக வந்தவற்றை எடுத்துத் தனிப் பதிவாக்குங்கள்.

வாரம் இரண்டு, தினமும் ஒரு வரி

இப்போது ஒன்றரை வருஷமாக நான் நிற்பது இதில். செவ்வாயும் வெள்ளியும் பதிவு. ஆனால் இதைத் தாங்கிப் பிடிப்பது அந்த இரண்டு நாள் கிடையாது, சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டு.

லாலியின் ஆய்வில் பங்கெடுத்தவர்கள் எதைப் பழக்கமாக்கினார்கள் என்று பாருங்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு பாட்டில் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேர ஓட்டம். எல்லாம் சின்னச் செயல்கள், தினமும் வரும் ஒரு வேளையோடு கட்டப்பட்டவை. பதிவு எழுதுவது அப்படிப்பட்டதல்ல. அதில் யோசனை உண்டு, அடித்துத் திருத்துவது உண்டு, மேனேஜரின் ஒப்புதல் உண்டு. யோசிக்காமலே கை போகிற விஷயமாக அது ஒருநாளும் ஆகாது. கண்ணில் பட்டதை ஒரு வரி குறித்துவைப்பது ஆகும். எப்போது, எங்கே என்று முன்பே முடிவு செய்துகொண்டால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடும் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999ல் எழுதினார். என் முடிவு இது: ஷிப்ட் முடிந்து டீ டம்ளர் கைக்கு வந்ததும் நோட்டில் ஒரு வரி.

ஒரு ஐப்பசி மாத வரி இப்படி இருக்கிறது: ‘மணல் உள்ளங்கையில் ஒட்டுது, அண்ணன் ரெண்டு தடவ பிடிச்சுப் பாத்தார்.’ அண்ணன் என்றால் எங்கள் மோல்டிங் ஃபோர்மேன், மணலில் அச்சு செய்யும் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரம் அது. பச்சை மணல் (களிமண்ணும் தண்ணீரும் கலந்த மணல்) அச்சில் ஈரம் பொதுவாக 3 முதல் 4 சதவீதம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வெளியே குவித்திருக்கும் புது மணல் நனைந்து வரும், வழக்கமான தண்ணீரையே ஊற்றினால் ஈரம் ஏறிவிடும். 1350 டிகிரிக்கு மேல் சூடான இரும்பு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகும். மணல் இடுக்குவழியாக வெளியேற முடியாத ஆவி இரும்புக்குள் புகுந்து குமிழாக நிற்கும். அதுதான் ப்ளோஹோல். கருவி வைத்து அளக்கும் முன்பே அண்ணனின் உள்ளங்கை அதைச் சொல்லிவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்த ஒரு வரியை விரித்து எழுதினேன். பல ஊர் ஃபவுண்டரிக்காரர்கள் அவரவர் மணலை எப்படிப் பார்ப்பார்கள் என்று கீழே எழுதினார்கள். மழை நேரத்துக்கு உதவும் குறிப்புகள் அவர்களிடமிருந்து எனக்கும் கிடைத்தன.

ஆடிட் வாரத்தில் பதிவு ஒன்றாகக் குறையும், சில சமயம் ஒன்றுமே வராது. நோட்டில் வரி மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். அடுத்த வாரம் திரும்பி வரும்போது கைவசம் ஐந்தாறு வரி காத்திருக்கும், எங்கிருந்து தொடங்குவது என்ற மலைப்பு கிடையாது. மற்ற மூன்று வழிகளிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

ஏ.ஐ. பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வார்ப்புத் தரம் பற்றி ஒரு பதிவு எழுது என்று கேட்டால் ஊருக்கே பொதுவான ஒன்று வரும். உங்கள் நோட்டு வரியிலிருந்து நீங்களே எழுதிவிட்டு, ஆங்கிலப் பிழையை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

மொழியிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் கோலாப்பூர்க்காரர் படிப்பார், தமிழில் எழுதினால் எங்கள் மோல்டர்களும் ஐ.டி.ஐ. முடித்து வந்த தம்பிகளும் படிப்பார்கள். செவ்வாய் ஆங்கிலம், வெள்ளி தமிழ் என்று நான் பிரித்திருக்கிறேன். ஒரு பதிவுக்கு 3000 குறிகள்தான் எல்லை. யுனிகோடில் ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறி செலவாகும் என்பதால், தமிழில் எழுதும்போது இடம் சீக்கிரம் தீரும். ‘மேலும் காட்டு’ என்று மடங்குவதற்கு முன் தெரிவது இரண்டு மூன்று வரிகள்தான். ஆகவே விஷயத்தை முதல் வரியிலேயே வைத்துவிடுகிறேன், வணக்கமெல்லாம் அடியில்.

போன மாதம் அந்த ஐப்பசிப் பதிவை எடுத்து ஃபோர்மேன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “இதெல்லாம் எழுதற விஷயமாங்க தம்பி?” என்றார். கீழே ஊர் ஊராக வந்திருந்த பதில்களையும் வாசித்தேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் டீ நேரத்தில் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “லேடில் சரியாக் காயலைன்னா சத்தத்துலயே தெரியுமுங்க, அதையும் எழுதிக்கங்க” என்றார். லேடில் என்பது உருகிய இரும்பை ஏந்தும் பாத்திரம். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமை அதுதான், அவர் சம்மதத்தோடு, அவர் பெயரிலேயே.