மண்டபச் சுவருக்கு லட்சுமியா, பிந்துவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில் மண்டபத்துக்கு ஒரு படம் வேண்டும். ஓவியர் ரவி வர்மா பாணி லட்சுமியா, நவீன ஓவியர் எஸ்.எச். ராசா பாணிப் பிந்துவா, அதாவது புள்ளியா?

1894இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மாவின் அச்சகம் தெய்வங்களைக் கல்லச்சில் பெருக்கியது. கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வீட்டுக்கும் சாமி வந்தது. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டுச் சாமி மாடங்களில் இன்றும் அந்த முகச்சாயல்தான். கற்பூரம் காட்டும் பாட்டிக்கு முகம் வேண்டுமே!

ராசாவிடம் முகமில்லை. அலைபாய்ந்த சிறுவனைப் பள்ளி ஆசிரியர் சுவரிலிட்ட புள்ளியையே பார்க்கச் சொன்னாராம். பல பத்தாண்டுகளுக்குப் பின் அது கரிய வட்டமாக அவர் ஓவியங்களில் அமர்ந்தது. பார்க்கப் பார்க்க மனம் அடங்குகிறது.

எனக்குப் பிந்துதான் பிடிக்கும். ஆனாலும் மண்டபத்தில் லட்சுமியே இருக்கட்டும். தேவார வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளே பிந்து வரையலாம்.