ராம்சார் தளத் தகவல் சேவை: ஈரநிலம் காப்பவருக்கு எவ்வளவு உதவும்?

1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்கீழ் வரும் ஈரநிலங்களை இந்த இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நாட்டைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும். அங்கிருந்து ஒவ்வொரு ஈரநிலத்தின் தகவல் தாளையும் இறக்கிக்கொள்ளலாம்.

அந்தத் தாள்தான் இதன் உயிர். உடன்படிக்கையின் 9 அளவுகோல்களில் எதன்படி அந்த ஈரநிலம் தேர்வானது என்பதை முதலில் பாருங்கள். ஐந்தாவது என்றால் அங்கே தவறாமல் 20,000 அல்லது அதற்கு மேல் நீர்ப்பறவைகள் இருக்கும். ஆறாவது என்றால் ஒரு நீர்ப்பறவை இனத்தொகையில் 1 விழுக்காடாவது தவறாமல் இருக்கும். ஆண்டுதோறும் எடுக்கும் பறவைக் கணக்கு அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், அதிகாரிகள் முன் வைக்க அதைவிட வலுவான ஆதாரம் அரிது.

பெரிய குறை, தேதி. 6 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தாள்கள் பல அப்படியே கிடக்கின்றன. இது நாடுகளின் அலட்சியம், இணையதளத்தின் பிழையல்ல. பழைய தாள்களில் வரைபடமும் தொல்லை: 1:50,000 அளவில் 1 மி.மீ. தடிமனுள்ள எல்லைக் கோடு தரையில் 50 மீட்டர் அகலம். ஒரு மதில் எல்லைக்குள்ளா வெளியிலா என்று அதை வைத்து நிறுவ முடியாது. நில அளவைப் பதிவோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். வரத்துக் கால்வாய்கள் பெரும்பாலும் எல்லைக் கோட்டுக்கு வெளியே இருக்கும். அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.