ஊருக்குப் போறப்ப தபால ஹோல்ட்ல போடலாமா? நாலு ட்ரிப் அனுபவம்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தி கேட்டா, டிசம்பருக்கு சென்னை டிக்கெட் போட்டாச்சு, மெயில் ஹோல்ட் போட்டுட்டு நம்பிப் போலாமாடின்னு. ஹோல்ட்னா, நாம ஊர்ல இல்லாத நாள்ல வர்ற தபால இங்க அமெரிக்கால போஸ்ட் ஆபீஸே எடுத்து வச்சிருந்து, அப்புறம் மொத்தமா குடுக்கறது. நான் டெக்சாஸ்ல இருந்து மதுரைக்குப் போறப்ப நாலு தடவ போட்டிருக்கேன், இதுவரைக்கும் ஒரு கவர் கூட தொலைஞ்சதில்ல. காசும் கிடையாது, கனடால இதுக்கே பணம் கட்டணும். குறைஞ்சது 3 நாள், அதிகபட்சம் 30 நாள், அதுக்கு மேல தங்குறதா இருந்தா தற்காலிகமா வேற அட்ரஸுக்கு ஃபார்வர்ட் பண்ணித்தான் ஆகணும். முதல் தடவ திரும்பி வந்த மறுநாள், தூக்கம் கெட்டு நடுப்பகல்ல முழிச்சுட்டு இருக்கேன், தபால்காரம்மா நாலு வார தபாலையும் ரப்பர் பேண்ட் போட்டு வாசல்லயே கொண்டு வந்து குடுத்தாங்க, அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

ஆனா இந்த வருஷம் நடந்தத நெனச்சா இன்னும் பதறுது. என் வீட்டுக்காரருக்கு லீவு பத்தல, ரெண்டே வாரத்துல அவர் மட்டும் திரும்பிட்டார், நானும் புள்ளைங்களும் மதுரைலயே இருந்தோம். ஹோல்ட்ங்கறது ஆளுக்கு இல்ல, அட்ரஸுக்கு, அந்த வீட்டுக்கு யார் பேருல வந்தாலும் மொத்தமா நிக்கும். ஃபார்ம்ல தெளிவாத்தான் போட்டிருக்கு, அவர் முன்னாடியே போறார்ங்கறத நான்தான் யோசிக்கல. அவர் போய் இறங்கின மூணாவது நாள் காலைல, வரப்போற கவரோட போட்டோவ போஸ்ட் ஆபீஸ் ஈமெயில்ல அனுப்புமே அந்த இன்ஃபார்ம்ட் டெலிவரி, அதுல இமிக்ரேஷன்ல இருந்து அவர் பேருக்கு ஒரு கவர். க்ரீன் கார்டுக்கு கைரேகை, போட்டோ எடுக்கற பயோமெட்ரிக்ஸ் தேதிக்காக நாங்க மாசக்கணக்கா காத்துட்டு இருந்தோம், உள்ள தேதி நாளைக்கா அடுத்த மாசமா தெரியாது, படத்துல கவரோட முகம் மட்டும்தான் தெரியுது, வீட்டுப் பெட்டி காலி. ஹோல்ட் போட்டது என் அக்கவுண்ட்ல, கன்ஃபர்மேஷன் நம்பரும் என் மெயில்ல, எங்களுக்கு அங்க ராத்திரி எட்டரை, அம்மா சாப்பாடு போட்டு வச்சது அப்படியே ஆறிப் போச்சு, நான் போன்ல உள்ள போய் முடியுற தேதிய மாத்திட்டு இருக்கேன். மாத்த முடியும்ங்கறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். ரெண்டு நாள்ல தபால் வந்துருச்சு, அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. அந்த ரெண்டு நாளும் நாங்க யாரும் சரியா தூங்கல.

இன்னொன்னு, தனியார் கூரியர்ல வர்ற பார்சலுக்கு இந்த ஹோல்ட் செல்லாது. போன வருஷம் ஒரு கடைக்காரங்க நான் கேன்சல் பண்ணின ஆர்டரையே அனுப்பி, அந்தப் பெட்டி பன்னெண்டு நாள் எங்க வாசல்ல கிடந்து நனைஞ்சிருக்கு. வீட்டுல ஆள் இல்லன்னு தண்டோரா போட்ட மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா கண்ணுல பட்டுத்தான் எடுத்து உள்ள வச்சாங்க.

நாலு தடவையும் எல்லா தபாலும் பத்திரமா கைக்கு வந்துச்சுதான், அத மறைக்க மாட்டேன். ஆனாலும் ஃப்ரெண்ட்கிட்ட, ஹோல்ட் வேணாம்டி, பெட்டிச் சாவிய பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போன்னுதான் சொன்னேன். அடுத்த தடவ நானும் அந்த அக்காகிட்டதான் குடுக்கப் போறேன், இப்பவே கேட்டு வச்சுட்டேன்.