ஜெரோதாவா, க்ரோவா? வாரம் ஐந்நூறு ரூபாய் போடுபவருக்கு ஒரு கணக்கு

"மாமா, எந்த புரோக்கர் நல்லது?" என்று கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் கேட்டான். வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது, வாரா வாரம் நிஃப்டிபீஸ் (நிஃப்டி குறியீட்டைப் பின்பற்றும், பங்கு போலவே சந்தையில் வாங்கும் ஃபண்ட்) இரண்டு யூனிட் வாங்கிச் சேர்க்க நினைக்கிறான், அதாவது தடவைக்குச் சுமார் 560 ரூபாய். ஜெரோதா, க்ரோ என்ற இரண்டு புரோக்கர் செயலிகளை வைத்து அவனுக்காகப் போட்ட கணக்கை இங்கேயும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்த அளவில் வாங்குபவருக்கு விளம்பரத்தில் வரும் 'ஆர்டருக்கு 20 ரூபாய்' என்ற எண் எதையுமே சொல்வதில்லை.

முதலில் டெலிவரி, அதாவது வாங்கி வைத்துக்கொள்வது. ஜெரோதாவில் இதற்கு புரோக்கரேஜ், அதாவது தரகுக் கட்டணம், கிடையாது, 2015 கடைசியிலிருந்தே இப்படித்தான். க்ரோவில் ஆர்டர் மதிப்பில் 0.1 சதவீதம் அல்லது 20 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஆனால் குறைந்தபட்சம் 5 ரூபாய் உண்டு, அங்கேதான் சிறிய முதலீட்டாளர் மாட்டுகிறார். 560 ரூபாய்க்கு 0.1 சதவீதம் என்றால் 56 பைசாதான் வர வேண்டும், குறைந்தபட்சக் கட்டணத்தால் 5 ரூபாய் ஆகிறது, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 5.90. வாங்கும்போதே ஒரு சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது! 52 வாரத்துக்கு 306 ரூபாய் 80 காசு. அதே பணத்தை மாதம் ஒருமுறை மொத்தமாகப் போட்டால் வருஷத்துக்கு 70 ரூபாய் 80 காசோடு முடிந்துவிடும். ஒரே ஆர்டரில் 5,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்கு இந்தக் குறைந்தபட்சம் ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு புரோக்கரான ஏஞ்சல் ஒன்னும் ஒரு காலத்தில் டெலிவரிக்கு எதுவும் வாங்காமல்தான் இருந்தது. அதிக வர்த்தகம் கொண்டுவரும் புரோக்கர்களுக்குப் பங்குச்சந்தைகள் கட்டணச் சலுகை கொடுத்துவந்தன, அந்த வித்தியாசம் புரோக்கரின் வருமானத்தில் சேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே கட்டணம்தான் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 அக்டோபர் 1 முதல் மாற்றிவிட்டதால், ஏஞ்சல் ஒன் நவம்பரிலிருந்து டெலிவரிக்கும் புரோக்கரேஜ் வாங்கத் தொடங்கியது. ஜெரோதா அதற்குப் பிறகும் இலவசத்தைத் தொடர்ந்தது.

சரி, அப்படியானால் ஜெரோதாதான் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் அவனை ஒரு கேள்வி கேட்டேன்: "உனக்கு மொத்தம் எத்தனை டீமேட் இருக்கு?" மூன்று டீமேட், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்குகள், இருப்பதாகச் சொன்னான். கல்லூரியில் நண்பர்கள் ரெஃபரல் லிங்க் அனுப்ப அனுப்பத் திறந்தது, இரண்டில் ஒரு பங்குகூட இல்லை. இதுதான் பலரும் கவனிக்காத செலவு. க்ரோவில் டீமேட்டுக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இல்லை. ஜெரோதாவில் சாதாரணக் கணக்குக்கு வருஷம் 300 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 354. செபியின் அடிப்படை டீமேட் திட்டத்தில் 2024 செப்டம்பர் முதல் 4 லட்சம் ரூபாய் வரையான இருப்புக்கு இந்தக் கட்டணம் பூஜ்ஜியம், 10 லட்சம் வரை 100 ரூபாய்தான், ஆனால் அந்தச் சலுகை முதல் பெயர்தாரராக ஒரே ஒரு டீமேட் வைத்திருப்பவருக்கு மட்டுமே. மூன்று வைத்திருந்தால் 354 கட்ட வேண்டியதுதான், 306 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அதைவிட அதிகமாகக் கொடுத்த கதையாகிவிடும்.

விற்கும்போது டிபி சார்ஜ் என்று ஒன்று வரும், டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போவதற்கான கட்டணம், புரோக்கரேஜ் இலவசம் என்று சொல்லும் இடத்திலும் இது உண்டு. ஜெரோதாவில் ஒரு நிறுவனப் பங்கை ஒரு நாளில் எத்தனை விற்றாலும் 15 ரூபாய் 34 காசு. ஐந்து நிறுவனங்களில் 300 ரூபாய்க்கு ஒவ்வொரு பங்கு வைத்திருந்து ஒரே நாளில் விற்றால் 76 ரூபாய் 70 காசு போகும், 1,500 ரூபாயில் ஐந்து சதவீதத்துக்கு மேல். க்ரோவிலும் டிபி சார்ஜ் இருக்கிறது, எனவே துண்டு துண்டாக விற்கும் பழக்கம் இருந்தால் எந்தச் செயலியும் காப்பாற்றாது.

மியூச்சுவல் ஃபண்டும் சேர்த்து வாங்குவீர்கள் என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: யூனிட்கள் டீமேட்டில் வந்து உட்காருமா, ஃபண்ட் நிறுவனத்திடமே உங்கள் பெயரில் உள்ள கணக்கான ஃபோலியோவில் இருக்குமா என்று. எனக்கு ஃபோலியோ பிடிக்கும், நாளைக்கே செயலி வேண்டாம் என்றாலும் ஃபண்ட் நிறுவனத்திடம் நேராகப் போய் விற்கலாம். ஆப்ஷன்ஸில், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் போடும் ஒப்பந்தங்களில், இரண்டு இடத்திலும் ஆர்டருக்கு 20 ரூபாய், ஒப்பிட எதுவும் இல்லை. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியே சொல்லியிருக்கிறது, அவனிடம் அந்தப் பக்கமே போகாதே என்றேன்.

செயலி நிற்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள், நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. நான் அப்போது வைத்திருந்த செயலியில் விற்கும் பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, இருபது நிமிஷம். அன்றிலிருந்து புரோக்கரின் டீலிங் டெஸ்க் எண்ணை போனில் சேமித்து வைத்திருக்கிறேன். ஜெரோதாவில் அப்படிப் போனில் ஆர்டர் போட 50 ரூபாயும் ஜிஎஸ்டியும், அவசரத்தில் அது பெரிய தொகை இல்லை.

கடைசியில் அவன் ஜெரோதாவை மட்டும் வைத்துக்கொண்டான். காலியாக இருந்த இரண்டு டீமேட்டையும் மூடுவதற்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டான், மூடுவதற்குக் கட்டணம் இல்லை. அவை மூடியதும் அடிப்படை டீமேட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், அதையும் அவன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.